பகல் ஒன்று நாற்பது

ரசீதின் அடியில் பொடி எழுத்தில்
‘லாப நோக்கமற்ற அறக்கட்டளை’ என்றிருக்கும்.
தாணுலிங்கம் மாதாமாதம் அதை உரக்க வாசிப்பார்.
“நம்மகிட்ட என்ன லாபம் எடுக்க?
உப்பா, சர்க்கரையா?”
ராணித்தோட்டம் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் கண்டக்டர்.
சில்லறை பாக்கி வைத்த முகங்கள்
இன்னமும் கனவில் வந்து கை நீட்டுகிறதாம்.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள்.
குளச்சல், தக்கலை, பிறகு மார்த்தாண்டம்.
யார் யாரோ அழுததைக் காதில் வாங்கி
ஒயரை மாற்றிக் குத்தி
“பேசுங்க” என்று மட்டும் சொன்னவள்.
கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் கதை ஒன்றுமில்லை.
வீட்டை விற்றேன், வேர்க்கிளம்பிக்கு ஆட்டோ பிடித்தேன்.
என்னை யாரும் கொண்டுவந்து விடவில்லை;
இதை எல்லாரிடமும் முதல் வாரமே சொல்லிவிட்டேன்.

அறையில் மற்றக் கட்டில் மதலேனம்மாளுக்கு.
குறும்பனைக்காரி. கடல் இரையாமல் உறக்கம் வராது.
இங்கே சுற்றிலும் ரப்பர்.
காற்றடித்தால் கொஞ்சம் கடல் மாதிரிதான் கேட்கும் என்று
பிரிசில்டா கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள்.
“இது கள்ளக்கடலுல்லா” என்றாள் மதலேன்.
என்றாலும் உறங்கினாள்.

பிரிசில்டா பத்துகாணியிலிருந்து வருகிறவள்.
இரண்டு பஸ். ஏழு மணிக்கு உள்ளே நிற்பாள்.
இருபத்தாறு பேரின் மாத்திரை, மலம், பிரஷர், முனகல்
அவள் சாய்ந்த கையெழுத்தில்
நீல அட்டைப் பதிவேட்டில் ஏறும்.
மணிக்கட்டைப் பிடித்திருக்கும் ஒரு நிமிஷம்
யாரும் பேசக்கூடாது.
அவள் உதடு எண்ணுவதைப் பார்த்துக்கொண்டிருப்போம்,
பரீட்சை முடிவுக்கு நிற்கிறவர்கள் மாதிரி.

ஐப்பசியில் ஒரு நாள்
கோதையாறு பாலத்துக்கு மேலே ஏறி ஓடியது.
பஸ் இல்லை, போன் இல்லை, சமையல்காரர் இல்லை.
இரவு டூட்டிக்காரி ஒருத்தி
எழ முடியாதவர்களோடு பின்கட்டில் தனியாக.

தாணுலிங்கம் சாயா போட்டார்.
ஆறு கிளாஸ் தட்டில், வராந்தா நெடுக நடை.
ஓடுகிற பஸ்ஸில் நின்று பழகிய கால்,
ஒரு சொட்டு சிந்தவில்லை.
சர்க்கரைதான் எல்லாருக்கும் ஒரே அளவு.
குடித்தோம், ஒருத்தரும் காட்டிக்கொடுக்கவில்லை.

மைமூனுக்கு எழுத்து தெரியாது, மாத்திரையின் நிறம் தெரியும்.
எனக்கு நிறம் மங்கல், எழுத்து தெரியும்.
இருவரும் சேர்ந்தும்
சுகிர்தத்தின் ராத்திரி மாத்திரையைக் காலையில் கொடுத்துவிட்டோம்.
அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.
எங்களுக்குத்தான் வியர்த்தது.

மதலேனுக்கு வலக்கை பொங்காது.
இன்னொருத்தர் தலையை நான் வாரியதில்லை, இந்த எழுபத்து நாலு வயதில்.
வகிடு கோணிப் போயிற்று.
கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
“சாளைக்குச் செதிலெடுத்த மாதிரி இருக்கு,” என்றாள்,
“நாளைக்கும் நீயே சீவு.”

பிரிசில்டா வந்தபோது பகல் ஒன்று நாற்பது.
இடுப்பு வரை சேறு. செருப்பு ஒன்று இல்லை.
“வீட்டுக்குள்ள முட்டளவு வெள்ளம்.
அம்மையைச் சர்ச்சுல கொண்டு இருத்திட்டு வாறேன்.”
சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.
எங்களைப் பற்றி என்னவோ கேட்க வாயெடுத்தவள்
பாதியிலேயே உறங்கிப்போனாள்.

அம்மை என்று ஒருத்தி அவளுக்கு உண்டென்பதை
நாங்கள் யாரும் கேட்டிருக்கவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து
அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.
தாணுலிங்கம் கூட வாயைத் திறக்கவில்லை.
மழைதான், ஓட்டில்.

பதிவேட்டில் இருபத்தாறாவது பெயருக்குக் கீழே
கோடு போட்டு எழுதினேன்:
பிரிசில்டா. நாடி தொண்ணூற்று நாலு.
உறங்குகிறாள். எழுப்ப வேண்டாம்.
கையெழுத்து என்ற இடத்தில் எதைப் போடுவதென்று
தெரியாமல்
அறை எண்ணைப் போட்டேன்.